கொழும்புக்குப் புதிதா? ஒரு நாளில் இரண்டு மணித்தியாலத்தைக் காப்பாற்றும் வழி

கொழும்புக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்த புதிதில் அநேகமானோர் சொல்லும் முறைப்பாடு ஒன்றுதான்: "விடிஞ்சதில இருந்து ஓடுறன், ஒண்டும் முடியேல்லை." ஊரில் மூன்று மணித்தியாலம் அசையாமல் இருந்து படித்த பிள்ளைகள், வெள்ளவத்தை அறையொன்றில் அரை மணித்தியாலம் புத்தகத்தோடு இருக்க முடியாமல் தவிப்பார்கள். மூளைக்கு என்னவோ நடந்துவிட்டது என்று பயப்படுகிறவர்களும் உண்டு.

ஒன்றும் நடக்கவில்லை. ஊரில் உங்கள் கவனத்துக்குக் காவல் இருந்தது. அம்மா கதவைச் சாத்திவிட்டுப் போனார். சாப்பாடு நேரத்துக்கு மேசைக்கு வந்தது. வந்த ஆட்களை "பிள்ளை படிக்குது" என்று சொல்லி வெளித்திண்ணையில் இருத்திக் கதைத்து அனுப்பினார்கள். லயத்து அறையில் ஆறு பேரோடு வளர்ந்தவருக்கும்கூட, பரீட்சைக் காலத்தில் டிவியை நிறுத்திவைக்க வீட்டில் ஒருவர் இருந்தார். கொழும்பில் அந்தக் காவல் இல்லை. அதை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும்.

நாள் முழுக்கக் கவனம் சிதறாமல் இருப்பது எப்படி என்று இங்கே சொல்லப்போவதில்லை. அது யாராலும் முடியாத காரியம். இந்த நகரத்தில் முயல்வதும் வீண். ஒரு நாளில் இரண்டு மணித்தியாலத்தை மட்டும் முழுதாகக் காப்பாற்றலாம். வாரத்தில் ஐந்து நாள் கிடைத்தாலே பத்து மணித்தியாலம். கணக்கியல் பரீட்சையோ, சிங்களமோ, புதிய கணினி மொழியோ, எதைப் படிக்க வந்திருந்தாலும் அது பெரிய முதல். மிச்ச நேரத்தை நகரம் எடுத்துக்கொண்டு போகட்டும்.

படி 1: மூன்று நாள் பாருங்கள், ஒன்றையும் திருத்தாதீர்கள்

சட்டைப் பையில் அடங்கும் ஒரு சின்னக் கொப்பி வாங்குங்கள். ஒரு வேலையைத் தொடங்கி, அது முடியமுன்பு எழும்பும் ஒவ்வொரு தடவையும் இரண்டே இரண்டு விடயங்களைக் குறியுங்கள்: எத்தனை மணி, யார் குழப்பியது. "அன்ரி கூப்பிட்டா", "வட்ஸ்அப்", "பசி", "நானே" என்று ஒரு சொல்லில் எழுதினால் போதும்.

அந்த "நானே" நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலாக வரும். அமெரிக்காவில் அலுவலக ஊழியர்களின் பக்கத்தில் இருந்து அவர்கள் செய்வதை நிமிடக் கணக்கில் குறித்த குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் கண்டதும் இதைத்தான். குழப்பங்களில் கிட்டத்தட்டப் பாதியை வெளியாட்கள் செய்யவில்லை. வேலை செய்து கொண்டிருந்தவர்களே அதைக் கைவிட்டு வேறொன்றுக்குத் தாவினார்கள். விட்ட வேலைக்குத் திரும்பி வர சராசரியாக இருபது நிமிடத்துக்கு மேல் எடுத்தது. இடையில் வேறு இரண்டு வேலைகளில் கைவைத்துவிட்டுத்தான் திரும்பினார்கள் என்பதே அதற்குக் காரணம். "ஒரு நிமிசம், இதை மட்டும் பாத்திட்டு வாறன்" என்பதன் உண்மை விலை இவ்வளவு.

போனில் ஆண்ட்ரொய்ட் என்றால் டிஜிட்டல் வெல்பீயிங், ஐபோன் என்றால் ஸ்கிரீன் டைம் என்ற பகுதியையும் இந்த மூன்று நாளும் பாருங்கள். எத்தனை மணித்தியாலம் பார்த்தீர்கள் என்ற எண்ணை விட்டுவிடலாம், அது வெட்கப்பட மட்டுமே உதவும். எத்தனை தரம் கையில் எடுத்தீர்கள் என்ற எண்தான் விடயத்தைச் சொல்லும்.

மூன்றாம் நாள் முடிவில் உங்கள் எதிரி யார் என்று தெரிந்துவிடும். சிலருக்கு போன். சிலருக்கு அறைத் தோழன். சிலருக்கு, சிரிக்க வேண்டாம், பக்கத்துக் கடையில் கொத்துப் போடும் தகட்டுச் சத்தம்.

படி 2: மணியைத் தேர்ந்தெடுங்கள்

என் சிபாரிசு விடியப்புறம்தான். கொழும்பில் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே விடிகிறது. அதற்கு முந்திய ஒரு மணித்தியாலமும் பிந்திய ஒரு மணித்தியாலமும்தான் காலி வீதி ஓய்ந்திருக்கும் நேரம், வெக்கை அடங்கியிருக்கும் நேரமும் அதுதான். பிறகு பாடசாலை வான்கள் ஹோன் அடிக்கத் தொடங்கும், போர்டிங்கில் குளியலறைக்கு வரிசை நிற்கும், பீத்தோவனின் மெட்டைப் போட்டுக்கொண்டு சூன்பாண் ஓட்டோ ஒழுங்கைக்குள் வரும். அதன்பின் நாள் உங்கள் கையில் இல்லை.

இந்த நேரத்தில் ஒரு சிக்கல் உண்டு. அது நம்மவர்களுக்கே உரிய சிக்கல். கனடாவில் இருக்கும் சித்தப்பா வேலை முடிந்து, இராச்சாப்பாடும் முடித்து, ஆறுதலாகப் போன் எடுக்கும் நேரம் எது? ரொறொன்ரோவில் கோடை காலத்து இரவு எட்டு மணி, கொழும்பில் மறுநாள் காலை ஐந்தரை. குளிர்காலம் என்றால் ஆறரை. உங்கள் இரண்டு மணித்தியாலத்துக்குள் நேராக வந்து விழும். லண்டன்காரர்களின் இரவு எட்டு மணி நமக்கு நள்ளிரவு தாண்டி அரை மணித்தியாலம், குளிர்காலத்தில் ஒன்றரை. அது நித்திரைக்குள் விழும். பாசமான ஆட்கள்தான். ஆனால் மணிக்கூடு வேறு. ஆகவே, அவர்கள் எடுக்கும்வரை காத்திராமல் நேரத்தை நீங்களே முன்வையுங்கள். கொழும்பில் இரவு எட்டரை என்றால் லண்டனில் பின்னேரம், ரொறொன்ரோவில் முற்பகல். சனி, ஞாயிறுகளில் இரு பக்கத்தாருக்கும் வசதி. "சித்தப்பா, ஞாயிறு இரவு எட்டரைக்கு நானே எடுக்கிறன், அப்ப ஆறுதலாக் கதைக்கலாம்" என்று ஒருதரம் சொல்லி, சொன்னபடி எடுத்தும் காட்டினால் விடியக்காலை அழைப்பு தானாகக் குறையும். எடுக்காமல் விட்டீர்களோ, பழைய வழக்கம் திரும்பி வரும்.

விடிய ஐந்துக்கு எழும்புவதென்றால் இரவு பத்துக்குப் படுக்க வேண்டும். வளர்ந்தவர்களுக்கு ஆகக் குறைந்தது ஏழு மணித்தியால நித்திரை வேண்டும் என்பதே வைத்தியர்களின் பொதுவான ஆலோசனை. நித்திரையைக் கடன் வாங்கிக் கவனத்தைக் கட்ட முடியாது. சில இன்டர்நெட் பக்கேஜ்களில் நள்ளிரவுக்குப் பிறகு டேட்டா கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காக விழித்திருக்கும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். பதிவிறக்கத்தை நேரம் குறித்து ஓடவிட்டு நீங்கள் படுங்கள். கணினிக்கு நித்திரை வேண்டியதில்லை.

அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்யும் கம்பனிகளில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கு இது எதுவும் பொருந்தாது. அவர்கள் எழும்பிய பிறகு வரும் முதல் இரண்டு மணித்தியாலத்தைப் பிடிக்கட்டும், அது பின்னேரம் மூன்று மணியாக இருந்தாலும்.

படி 3: இடம்

அறையிலேயே செய்ய முடிந்தால் நல்லது. கட்டிலில் இருந்து படிக்காதீர்கள். கொழும்பு வெக்கையில் கட்டில் வெல்லும். ஒரு சின்ன மேசை, முகம் சுவரைப் பார்க்க, காற்றாடி முதுகுப் பக்கம், கால்களுக்கு நுளம்பு வராமல் ஒரு ஏற்பாடு. நுளம்பு அற்ப விடயம் என்று நினைக்க வேண்டாம். இரண்டு மணித்தியாலத்தில் அது குழப்புவதுபோல் அறைத் தோழன்கூடக் குழப்ப மாட்டான்.

அறை சரிவராவிட்டால், மணியைப் பகலுக்கு மாற்றிக்கொண்டு நூலகம். விகாரமகாதேவி பூங்காவின் பக்கத்தில் இருக்கும் கொழும்புப் பொது நூலகம் 1925இல் தொடங்கியது. மூன்று மொழிப் பிள்ளைகளும் பரீட்சைக்குக் குனிந்திருக்கும் அந்த மண்டபத்தில் பத்து நிமிடம் இருந்தாலே போன் எடுக்கக் கூச்சமாக இருக்கும். வெள்ளவத்தைக்காரருக்குக் கிட்ட இருப்பது கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகம். 1942இல் தொடங்கிய சங்கம். தமிழ்ப் புத்தகம் தேடுகிறவர்களுக்கு அது பொக்கிஷம், அங்கேதான் ஆபத்தும். பரீட்சைக்குப் படிக்கப் போனவர் பழைய சஞ்சிகைக் கட்டொன்றில் மூழ்கிப் பின்னேரத்தைக் கழித்துவிட்டு வருவார். போகமுன்பு திறக்கும் நாளையும் நேரத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். போயா தினம், பொது விடுமுறை என்று பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால் அந்த நாளே போய்விடும்.

சத்தத்தைப் பற்றி ஒரு விடயம். வாசித்து விளங்கிக்கொள்ள வேண்டிய வேலையைக் கெடுப்பது சத்தத்தின் அளவைவிட அதில் உள்ள பேச்சு, அதிலும் நமக்கு விளங்கும் பேச்சு. பஸ் இரைச்சலுக்கு நடுவில் வாசிக்க முடிகிறது; பக்கத்து அறையில் யாரோ மெதுவாகத் தமிழில் கல்யாணப் பேச்சுப் பேசினால் முடிவதில்லை. ஆகவே தமிழ் ஆட்கள் நிறைந்த மாடியில் இருப்பவர்கள் காதடைப்பான் வாங்கி வைக்கலாம். பார்மசியில் கேட்டுப் பாருங்கள். சிங்களம் தெரியாமல் வந்தவர்களுக்குப் பக்கத்து வீட்டு நாடகம் வெறும் இரைச்சலாகவே இருக்கும். மொழி பிடிபடத் தொடங்கியதும் அந்தச் சலுகை போய்விடும்.

படி 4: போனை என்ன செய்வது

இதில்தான் கூடுதல் நேரம் செலவழிக்கப் போகிறேன், ஏனென்றால் முக்கால்வாசிப் பேரின் கொப்பியில் இதுதான் இருக்கும்.

போனை நிறுத்தி மேசையில் கவிழ்த்து வைப்பதுதான் எல்லோரும் முதலில் செய்வது. அது போதாது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் வார்டும் மற்றவர்களும் 2017இல் வெளியிட்ட பரிசோதனையில், போனை வேறு அறையில் வைத்துவிட்டு வந்தவர்கள், மேசையில் கவிழ்த்து வைத்திருந்தவர்களைவிட நினைவாற்றல் சோதனைகளில் நன்றாகச் செய்தார்கள். பின்னால் இதே பரிசோதனையைச் செய்த சிலருக்கு அந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவாகக் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் எட்டாத இடத்தில் இருக்கும் போனுக்குக் கை நீளாது என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. ஒரே அறை என்றால் அலுமாரிக்குள், உடுப்புக்கு அடியில். எழும்பிப் போய், கதவைத் திறந்து, கிளறி எடுக்க வேண்டும்; அந்தப் பத்து விநாடிக்குள் பாதி ஆசை அடங்கிவிடும். நேரம் பார்க்கப் போன் வேண்டும் என்று சொல்லாதீர்கள். புறக்கோட்டையில் மலிவாக ஒரு மேசை மணிக்கூடு கிடைக்கும்.

"அம்மா எடுத்தா என்ன செய்யிறது?" இந்தக் கேள்வி நியாயமானது. தூரத்தில் பெற்றோர் இருக்கும்போது போனை அடியோடு நிறுத்திவிட்டு ஒருவரும் நிம்மதியாகப் படிக்க முடியாது. அதற்குத்தான் டூ நொட் டிஸ்டேர்ப் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு, அம்மா, அப்பா, வீட்டுக்கார அன்ரி என்று மூன்று நாலு இலக்கங்களுக்கு மட்டும் வழி விடுங்கள். அதில் இன்னொரு வசதியும் உண்டு: ஒரே ஆள் அடுத்தடுத்து இரண்டு தரம் எடுத்தால் இரண்டாவது அழைப்பை உள்ளே விடும். ஐபோனில் மூன்று நிமிடத்துக்குள், ஆண்ட்ரொய்டில் பதினைந்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்: "விடிய ஏழு மணி வரைக்கும் நான் எடுக்க மாட்டன். அவசரமெண்டா ரெண்டு தரம் அடியுங்கோ, கட்டாயம் எடுப்பன்." அம்மாவுக்கு இது விளங்கும். அவர்தானே உங்களுக்கு முதலில் காவல் நின்றவர்.

அடுத்தது வட்ஸ்அப் குழுக்கள். ஊர்ச் சங்கம், பழைய மாணவர், ஒன்றுவிட்ட சகோதரங்கள், கோயில், அலுவலகம், அலுவலகத்தில் பொஸ் இல்லாத இன்னொரு அலுவலகக் குழு. இவற்றிலிருந்து வெளியேறச் சொன்னால் ஒருவரும் வெளியேற மாட்டார்கள். மரண அறிவித்தல் அங்கேதான் வரும், "உனக்குத் தெரியாதே?" என்ற கேள்வியை யாரும் விரும்புவதில்லை. வெளியேற வேண்டாம். எல்லாக் குழுக்களையும் எப்போதைக்குமாகச் சத்தமில்லாமல் ஆக்கி, ஆர்க்கைவ் என்ற பகுதிக்குள் தள்ளிவிடுங்கள். மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஒருதரம், இரவு ஒருதரம் திறந்து பாருங்கள். நெருங்கிய சாவு என்றால் யாராவது உங்களுக்கு நேரே எடுப்பார்கள்.

காணொளிச் செயலிகளை அழிக்கச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. அழித்தவர்கள் வெள்ளிக்கிழமை இரவு திரும்பவும் ஏற்றிக்கொள்கிறார்கள். காலையில் திறக்காமல் இருந்தாலே போதும். இரவு சாப்பிட்டபடி பாருங்கள், சிரியுங்கள். அது களவு இல்லை.

படி 5: என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதல்நாள் இரவே எழுதுங்கள்

காலை ஐந்து மணிக்கு மேசையில் இருந்துகொண்டு "இண்டைக்கு எதைப் படிப்பம்?" என்று யோசிக்கத் தொடங்கினால் இருபது நிமிடம் போய்விடும். இரவு படுக்கமுன்பு ஒரே வரி எழுதி மேசையில் வையுங்கள். "கணக்கியல் படிக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். "பழைய வினாத்தாளில் மூன்றாம் கேள்வி, பெறுமானத் தேய்வுப் பகுதி" என்று எழுதுங்கள். புத்தகத்தை அந்தப் பக்கத்தில் திறந்தே வைத்துவிட்டுப் படுங்கள்.

பீட்டர் கொல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த விடயத்தில் பெயர் பெற்றது. "படிப்பேன்" என்று தீர்மானிப்பதைவிட, "இன்னது நடந்ததும் இன்னதைச் செய்வேன்" என்று கட்டி வைப்பவர்கள் கூடுதலாகச் செய்து முடிக்கிறார்கள் என்பது அதன் சாரம். ஆகவே, "முகம் கழுவித் துவாயைக் கொடியில் போட்டதும் மேசையில் இருப்பேன்." துவாய், கொடி, மேசை. இடையில் வேறொன்றுமில்லை. தேநீர் வேண்டும் என்றால் இரவே சுடுதண்ணீர்ப் போத்தலில் ஊற்றி வைத்துவிடுங்கள். தண்ணீர் கொதிக்கும்வரை குசினியில் சும்மா நிற்கும் நேரத்தில்தான் பலருக்குப் போன் கையில் ஏறுகிறது.

இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்ற பொமொடோரோ முறையைப் பலர் சொல்வார்கள். 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி உருவில் இருந்த சமையலறை மணிக்கூட்டை வைத்துத் தனக்காகச் செய்துகொண்டது. தொடங்கவே மனம் வராத நாட்களுக்கு அது நல்லது. ஆனால் ஒரு கணக்கோ நிரலோ சூடு பிடிக்கும் நேரத்தில் மணி அடித்து எழுப்பிவிடும். எனக்குக் கேட்டால் ஐம்பது நிமிடம், பத்து நிமிடம் என்று இரண்டு சுற்று. அந்தப் பத்து நிமிடமும் போன் அலுமாரிக்குள்ளேயே இருக்கட்டும். பல்கனியில் நில்லுங்கள், தண்ணீர் குடியுங்கள்.

பக்கத்தில் ஒரு வெற்றுத்தாள் இருக்க வேண்டும். "கரண்ட் பில்", "சேர்ட் அயர்ன் பண்ண", "ரமேஷிட்டக் காசு கேக்க" என்று இடையில் தலைக்குள் முளைப்பதையெல்லாம் அதில் எழுதிவிட்டுத் திரும்புங்கள். எழுதியது மறந்துபோகாது என்ற நம்பிக்கை வந்துவிட்டால் மனம் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்காது.

படி 6: அலுவலகத்தில்

அலுவலகத்தில் நேரம் உங்களுடையது இல்லை, ஆகவே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். வடக்கு, கிழக்கிலிருந்து வந்தவர்கள் பலருக்கு இங்கே ஒரு மறைவான களைப்பு இருக்கிறது. கூட்டம் முழுக்கச் சிங்களத்தில் நடக்கும், இடையில் ஆங்கிலம் வரும், நீங்கள் உள்ளுக்குள் தமிழில் விளங்கிக்கொள்வீர்கள். அரைகுறையாகத் தெரிந்த மொழியைக் கேட்பதே ஒரு முழு வேலை. மத்தியானத்துக்குள் தலை கனப்பது சோம்பல் என்று நினைத்து உங்களைத் திட்டிக்கொள்ளாதீர்கள். பேசுகிறவரின் வாய் தெரியும் இடத்தில் இருங்கள். குறிப்பைத் தமிழிலேயே எடுங்கள். கூட்டம் முடிந்ததும், "நான் செய்ய வேண்டியவை இவை, சரிதானே?" என்று மூன்று வரி எழுதி அனுப்பிவிடுங்கள். முழுவதையும் பிடிக்க வேண்டும் என்ற பதற்றம் போனாலே பாதிக் களைப்பு போய்விடும்.

யாராவது தோளைத் தட்டிக் கூப்பிட்டால் உடனே எழும்ப வேண்டாம். "பொட்டக் இன்ன" (கொஞ்சம் பொறுங்கள்) என்று சிரித்தபடி சொன்னால் எந்தச் சிங்கள நண்பரும் அரை நிமிடம் பொறுப்பார். அந்த அரை நிமிடத்தில், எங்கே விட்டீர்கள், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009இல் காட்டியது இது: ஒரு வேலையை முடிக்காமல் விட்டு இன்னொன்றுக்குப் போனால், முதல் வேலையின் மிச்சம் மனதில் ஒட்டிக்கொண்டு இரண்டாவதையும் கெடுக்கும். இரண்டு தோணியில் கால் வைத்த கதைதான். 2018இல் அவரும் இன்னொருவரும் சேர்ந்து அதற்கு மருந்தும் கண்டார்கள். எழும்பமுன்பு "திரும்பி வந்து இதைச் செய்வேன்" என்று சுருக்கமாக எழுதியவர்களுக்கு அந்த ஒட்டல் குறைந்தது. கொழும்பு அலுவலகங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் கேள்விப்படவில்லை.

மத்தியானச் சோற்றுப் பார்சல் பற்றியும் சொல்ல வேண்டும். இருவர் சாப்பிடக்கூடிய சோற்றை ஒருவருக்குக் கட்டிக் கொடுப்பார்கள். இரண்டு மணிக்குக் கண் சொருகும். சோறு குறைத்தாலும் அந்த நேரத்தில் உடம்பு கொஞ்சம் தளரத்தான் செய்யும். கோப்பு அடுக்குவது, மின்னஞ்சலுக்குப் பதில் போடுவது போன்ற வேலைகளை அதற்கு ஒதுக்குங்கள். மூன்று மணிக்குத் தேநீர் சரி. ஆறு மணிக்குப் பிறகு கடுந்தேநீரோ கோப்பியோ வேண்டாம். கஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே ஐந்து மணித்தியாலம் அளவில் எடுக்கும். பத்து மணிக்குப் படுக்கும் திட்டம் அதோடு சரி.

வீதியில்: இது உயிர் விடயம்

இதற்குப் படி இலக்கம் போடவில்லை, ஏனென்றால் இதை முதல் நாளிலிருந்தே செய்ய வேண்டும். நடக்கும்போது போனில் கதைக்காதீர்கள்.

அமெரிக்காவின் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில், கோமாளி வேடம் போட்ட ஒருவரை ஒற்றைச் சில்லுச் சைக்கிளில் மாணவர்களைக் கடந்து ஓடவிட்டார்கள். போனில் கதைத்தபடி நடந்தவர்களில் நாலில் ஒருவர் அளவிலேயே அவரைக் கண்டிருந்தார்கள். 2010இல் வெளியான ஆய்வு அது. கண் திறந்துதான் இருந்தது. கவனம் காதில் இருந்தது. கோமாளியையே காணாதவர் காலி வீதியில் இடப்பக்கத்தால் முந்திக்கொண்டு வரும் தனியார் பஸ்ஸை எப்படிக் காண்பார்? பாதசாரிக் கடவையில் கால் வைத்தாலும், சாரதி உங்களைப் பார்த்துவிட்டாரா என்று அவர் முகத்தைப் பார்த்த பிறகே அடுத்த அடி. முதல் வாகனம் நின்றால் அதற்கு அப்பால் இருப்பதையும் பாருங்கள். அந்த இடைவெளிக்குள் மோட்டார் சைக்கிள் வரும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று. கடலுக்குப் போக ரயில் பாதையைக் கடந்தே ஆக வேண்டும். பாதை இரட்டை, ஒரு பக்கம் ரயில் போகும்போதே மறுபக்கத்தால் இன்னொன்று வரலாம். கடல் இரைச்சல் ரயில் சத்தத்தை விழுங்கிவிடும். காதில் இயர்போன் இருந்தால் எதுவும் கேட்காது. தண்டவாளத்தில் காற்று வாங்கி நடப்பது அழகாகத் தெரியும், நிறையப் பேர் நடக்கவும் செய்கிறார்கள். அது சட்டவிரோதம், ஆட்கள் செத்தும் இருக்கிறார்கள். நடக்க மரைன் டிரைவ் இருக்கிறது.

பஸ்ஸில் படிக்கலாமா என்று கேட்பார்கள். 100ஆம் இலக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி, மிச்சக் காசுக்கும் பொக்கெட்டுக்கும் காவல் இருந்துகொண்டு ஒன்றும் படிக்க முடியாது. இருக்கை கிடைத்தால் வெளியே பாருங்கள். மூளைக்கும் சும்மா இருக்க நேரம் வேண்டும். மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்கள் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக் கதைப்பது இங்கே சாதாரணம். கை இரண்டும் ஹேன்டிலில் இருந்தாலும் கவனம் போனில்தான். நிறுத்திவிட்டுக் கதையுங்கள்.

விருந்தாளி, விசேஷம்

ஊரிலிருந்து யாராவது ஆஸ்பத்திரிக்கோ பாஸ்போர்ட் எடுக்கவோ வந்தால் உங்கள் அறையில்தான் தங்குவார்கள். கொழும்பில் ஒரு பிள்ளை இருப்பதன் பொருளே ஊராருக்கு அதுதான். இந்த நாட்களில் இரண்டு மணித்தியாலத்தைப் பிடிக்கப் போராடாதீர்கள். மாமாவோடு கிளினிக்குக்குப் போங்கள், வரிசையில் நில்லுங்கள், முழு மனதோடு அவரோடு கதையுங்கள். இருபது நிமிடம் மட்டும், அதே மணிக்கு, அதே மேசையில் இருங்கள்; பழக்கம் அறாமல் இருக்க அது போதும். ஆடிவேல் தேர் செட்டியார் தெருவிலிருந்து காலி வீதியால் வரும் நாளில் அதையும் விட்டுவிடலாம். தேர் பாருங்கள்.

ஒரு வாரம் முழுக்க விட்டுப்போனால் திரும்பத் தொடங்கும் நாளில் இரண்டு மணித்தியாலம் வேண்டாம். ஒரு சுற்று, ஐம்பது நிமிடம். மூன்றாம் நாள் இரண்டாவது சுற்றைச் சேருங்கள். விட்டதைப் பிடிக்க ஞாயிற்றுக்கிழமை பத்து மணித்தியாலம் இருக்கப்போகிறேன் என்று கிளம்புகிறவர் திங்கட்கிழமை மேசைப் பக்கமே வர மாட்டார்.

இவையெல்லாம் செய்தும் முடியவில்லை என்றால்

ஒன்றிரண்டு மாதம் ஒழுங்காகச் செய்தும் ஒரு பக்கம்கூட வாசிக்க முடியவில்லை என்றால், மனவுறுதி போதவில்லை என்று முடிவு கட்டாமல் ஒரு வைத்தியரைப் பாருங்கள். இரும்புச்சத்துக் குறைவும் தைரொயிட் குறைபாடும் கவனத்தைக் கெடுக்கும். சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சின்ன வயதிலிருந்தே எதையும் முடிக்க முடியாமல், பொருட்களைத் தொலைத்துக்கொண்டு, ஆசிரியர்களிடம் ஏச்சு வாங்கியே வளர்ந்தவர்களுக்கு ஏடிஎச்டி என்ற கவனக் குறைபாட்டு நிலை இருக்கலாம். அது பிள்ளைகளுக்கு மட்டும் உரியதில்லை, வளர்ந்தவர்களுக்கும் சிகிச்சை இருக்கிறது. ஊரை விட்டு வந்த தனிமையில் நித்திரையும் பசியும் குறைந்து, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போயிருந்தால் அது மனச்சோர்வாக இருக்கலாம். அப்போது மணிக்கூட்டையும் மேசையையும் மாற்றிப் பயனில்லை. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்தப் போனிலிருந்தும் எடுக்கலாம். தமிழில் கதைக்க வேண்டும் என்று எடுத்தவுடனேயே சொல்லிவிடுங்கள்.